பெத்ரோமிலோவில் எல்லோரும் நம்பினார்கள்

அசிமினாவை ஒரு இடத்தில் உட்காரவைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. அவள் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மலர்முடியை மாற்றி மாற்றி வைத்தவன் நான்தான். பாதிரியார் மேசையைச் சுற்றி வரச் சொன்னதும், மாப்பிள்ளை ஸீஸிஸை இழுத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் மலர்முடி என் கையோடு வந்துவிட்டது. அப்படி மலர்முடி மாற்றிவைத்தவனுக்கு எங்களிடம் கும்பாரோஸ் என்று பெயர். ரத்த சொந்தத்துக்கும் ஒரு படி மேல். அன்றிலிருந்து என்னைக் "கும்பாரே" என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் நான் போயாக வேண்டும், போகாமல் தப்பிக்க முடியாது. என் பெயர் ஸ்டெர்யோஸ். கிரேக்கச் சமவெளியில், கர்தித்ஸா ஊரில் டாக்ஸி ஓட்டுகிறேன்.

அவளும் ஸீஸிஸும் முதலில் பஞ்சாலையில் வேலை பார்த்தார்கள். ஆலையை மூடினார்கள். ஸீஸிஸ் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். அசிமினா ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்தாள். சமையலறைக்கும் பால்கனிக்கும், பால்கனிக்கும் சமையலறைக்கும். பிறகு ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கதவைத் தட்ட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பதிலைத் தாளில் குறிக்க வேண்டும். அவளுக்கென்றே செய்துவைத்த வேலை.

சோப்பு, காபி, கைபேசி, கட்சி என்று என்ன வேண்டுமானாலும் கேட்பாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய கணிப்பு வரும். அது ஐரோப்பா, அதாவது ஐரோப்பிய ஒன்றியம். ஐரோப்பியப் பாராளுமன்றத்தை நம்புகிறீர்களா, நம்பவில்லையா? ஆணையத்தை? மத்திய வங்கியை? நம் அரசாங்கத்தை? கட்சிகளை? நான் சொல்வது ஐரோப்பா சொல்லி எங்கள் பென்ஷனை வெட்டு வெட்டென்று வெட்டிய வருடங்கள். அந்த நேரத்தில் எங்கள் ஜனங்களிடம் போய் இதைக் கேட்பது, சாவு வீட்டில் போய்ச் சாப்பாடு ருசியாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. அதையும் அவள் கேட்டாள். கதவை முகத்தில் அறைந்தால் அடுத்த கதவு.

கிராமத்துப் பஸ்களையெல்லாம் அந்தச் சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். சிக்கனமாம். யாருக்குச் சிக்கனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், விடுங்கள். பஸ் இல்லாததால் அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் அவளைப் பற்றி ஒன்றுமே சொல்லாத மாதிரி. அந்த வேலையில் இருக்கிற பாதிப் பேர் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து தாளை நிரப்பிவிடுவார்கள். புருஷன் பேரில் ஒன்று, நாத்தனார் பேரில் ஒன்று, பூனை பேரில் ஒன்று. அசிமினா தன் கையால் ஒரு பதிலைக்கூட இட்டுக்கட்டியதில்லை. ஒருமுறை பாதிக் கேள்வியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரும் வழியில் அந்தத் தாளைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள். மீதியை நீயே போட்டுக்கொள்ளக் கூடாதா, அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக் கத்தினாளே, அவள் மனசு உனக்குத் தெரியாதா என்றேன்.

"நம்ம கையெழுத்துப் போடுறோம்ல கும்பாரே, கீழே? 'நேரில் போனேன், கேட்டேன், சொன்னதைத்தான் எழுதினேன்'னு. அதுல பொய் இருந்துச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு? ஸீஸிஸ் பக்கத்துல நானும் டிவி பாத்துட்டு உட்கார வேண்டியதுதான்."

அவளுக்கு அந்த வேலையும், பொய் எழுதாதவள் என்கிற பேரும் ஒன்றுதான். இரண்டில் எது போனாலும் அவள் உயிர் போன மாதிரி.

பெத்ரோமிலோ, கம்பெனி போடுகிற குலுக்கலில் அவளுக்கு அடிக்கடி விழுகிற கிராமம். அந்த அக்டோபரிலும் விழுந்தது. பருத்தி எடுக்கிற காலம். சாலையோரம் முழுக்க டிராக்டரிலிருந்து உதிர்ந்த பஞ்சு. ஊர் நடுவில் ஹைதோவின் காபிக்கடை. எங்கள் வண்டி நின்றதுமே ஹைதோ வாசலில் வந்து நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஐரோப்பா வந்திடுச்சு! எல்லாரும் சட்டையைப் போடுங்க!"

ஊரில் அசிமினாவுக்கு அதுதான் பெயர், ஐரோப்பா. அவளை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்காமல் என்ன? வரும்போதெல்லாம் ஒருத்திக்கு மாத்திரை, ஒருத்தருக்கு மூக்குக்கண்ணாடி, ஒருத்தருக்கு டிராக்டர் பெல்ட் என்று பை நிறையத் தூக்கிக்கொண்டு வருவாள். வாங்கிக்கொண்டு, உட்காரவைத்து, பாகில் ஊறிய வாதுமைக் காயைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்து, தண்ணீர் வைத்த பிறகுதான் கேள்விக்கு வருவார்கள். அவள் மட்டும் நின்றுகொண்டே சாப்பிடுவாள்.

முதல் வீடு ஹைதோதான்.

"ஐரோப்பியப் பாராளுமன்றத்தை நம்புறியா, நம்பலையா?"

"நம்புறேன் கண்ணு. குறிச்சுக்கோ."

"ஆணையத்தை?"

"அதையும் குறிச்சுக்கோ."

"ஐரோப்பிய மத்திய வங்கியை?"

"அது பாவம், அது யாரை என்ன பண்ணிச்சு? நம்புறேன்."

எனக்குக் காபி புரையேறிவிட்டது. முந்தின வாரம்தான் டிவியில் அந்த வங்கிக்காரர்கள் வந்தபோது இதே ஹைதோ செருப்பைக் கழற்றி எறிந்ததாகக் கேள்வி. அசிமினா என்னை ஒரு முறை முறைத்தாள். பேட்டி நடக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது, அது அவள் சட்டம். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வீட்டிலும் நம்பினார்கள். அதற்கடுத்த வீட்டிலும் நம்பினார்கள். பென்ஷனில் பாதி போன தபால்காரர் நம்பினார். மகன் வேலை தேடி ஜெர்மனிக்குப் போய்விட்ட விதவை நம்பினாள். அசிமினாவின் முகம் வீட்டுக்கு வீடு மலர்ந்துகொண்டே போனது. "பாத்தியா கும்பாரே, ஜனங்க மனசு மாறுது. மத்த எங்கேயும் இப்படி இல்லை" என்றாள்.

ஊர்க்கோடியில் ஆர்கிரிஸின் வீடு. பருத்தி விவசாயி, முரடன், அவன் நாய் மூர்கோஸ் அவனைவிட முரடு. வாசல் கேட்டில் கை வைப்பதற்குள் கத்தினான்.

"வந்துட்டியாடி? வா, வா, எழுது! போன தடவை நீ வந்து எழுதிட்டுப் போனே, பருத்தி மானியத்தை வெட்டினாங்க. அதுக்கு முந்தி வந்தே, டீசல் ஏறிச்சு. இப்ப எதுல கை வைக்கப் போறே?"

"நான் எழுதினா வெட்டுவாங்களா, ஆர்கிரிஸ்? உனக்கு மூளை இருக்கா?"

"பின்ன? அங்க அத்தனை பேரு உக்காந்துக்கிட்டு, நீ அனுப்புறதைப் படிக்காம என்ன கிழிக்கிறாங்க? எல்லாம் உன் தாள்லேருந்துதான் வருது. எனக்குத் தெரியும்."

"அப்ப நீயும் சொல்லேன். உன் கோபத்தையே சொல்லு, எழுதிக்கிறேன். பாராளுமன்றத்தை நம்புறியா?"

"மூர்கோஸ்! பிடிடா அவளை!"

கோட்டின் அடித்துணி நாயின் வாயோடு போனது. வண்டிக்குள் வந்து விழுந்தவள், மூச்சு வாங்கியபடியே அந்த வீட்டுக்கான இடத்தில் "மறுத்துவிட்டார். நாய்" என்று எழுதினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாயின் மேலேயே வண்டியை ஏற்றியிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து லாரிஸாவிலிருந்த அவளுடைய மேற்பார்வையாளர் போலிக்ஸெனி அம்மாள் உடனே வரச் சொன்னார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து அவள் புது ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். கதவு திறந்தே இருந்தது, நடைபாதையில் நின்ற எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"உக்காருங்க அசிமினா."

"பரவாயில்லை மேடம், நிக்கிறேன்."

"நாட்டுல எந்த மூலைக்குப் போனாலும் நம்பலை, நம்பலைங்கிறாங்க. உங்க பெத்ரோமிலோவுல மட்டும் எல்லாரும் நம்புறாங்க. வங்கியைக்கூட! ஏதென்ஸ்ல இருக்கிறவங்களுக்குச் சந்தேகம் வந்து, நீங்க பேட்டி எடுத்ததா எழுதினதுல போன் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் பேசிப் பாத்திருக்காங்க. ஒரு வீட்டுலகூட நீங்க வந்ததா சொல்லலை."

"என்னது?"

"யாருமே வரலையாம். அசிமினாங்கிற பேரையே கேட்டதில்லையாம்."

"ஹைதோவைக் கேளுங்க மேடம்! காபிக்கடை ஹைதோ!"

"கேட்டாங்க. ஹைதோன்னு இந்த ஊர்ல யாருமே இல்லைன்னு சொல்லிட்டு ஹைதோ போனை வெச்சிட்டாங்க."

உள்ளே அசிமினாவின் செருப்பு இங்கும் அங்கும் நடக்கிற சத்தம் கேட்டது.

"வீட்டுல உக்காந்து நிரப்பிட்டீங்களா?" என்று போலிக்ஸெனி மெதுவாகக் கேட்டார். "ஒரு கஷ்டம்னா சொல்லியிருக்கலாமே. வெள்ளிக்கிழமை நானே ஊருக்கு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் தாள் எதையும் தொடாதீங்க. நீங்க போகலைன்னு தெரிஞ்சுதுன்னா, அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் உங்களை எடுக்க மாட்டாங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

அசிமினா வெளியே வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "ஊருக்கு விடு" என்றாள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஹைதோ எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். கடையிலிருந்த ஆண்கள் சிப்புரோ சாராயக் கிளாஸைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பெருமை.

"கவலையே படாதேடி! ஒரு வார்த்தை வாங்க முடியலை அவங்களால!"

"ஹைதோ..."

"ஏதென்ஸ்லேருந்து ஒருத்தி. தேன் ஒழுகுற குரல். 'உங்க வீட்டுக்கு ஒரு பெண்மணி வந்தாங்களா'ங்கிறா. தேன் ஒழுகினாலே எனக்குத் தெரியாதா? வரி ஆபீஸ்! இல்லேன்னா போலீஸ். நான் யாரு? 'எந்தப் பெண்மணியும் வரலை, இந்த ஊர்ல பெண்மணிகளே இல்லை'ன்னேன். வெச்ச கையோட ஊர் பூரா வீட்டுக்கு வீடு ஓடிச் சொல்லிட்டேன், நம்ம அசிமினாவைத் தேடுறாங்க, வாயைத் திறக்காதீங்கன்னு. ஒருத்தர்கூடக் காட்டிக் குடுக்கலை!"

அவர்களைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஏதென்ஸிலிருந்து ஒரு குரல் வந்து இன்னாரைத் தெரியுமா என்று கேட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் என்ன சொல்வார்கள்? எங்களை ஆண்ட துருக்கியனுக்கும் அதைத்தான் சொன்னோம், போரில் வந்த ஜெர்மன்காரனுக்கும் அதைத்தான் சொன்னோம், வரி ஆபீஸுக்கும் அதைத்தான் சொல்கிறோம். எங்கள் பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற வார்த்தை "தெரியாது".

அசிமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் குடியைக் கெடுத்தீங்களே! நான் வந்தேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே! நான் வரவே இல்லாம பொய்யா எழுதினேன்னு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க!"

தூக்கிய கிளாஸ்கள் மேசைக்கு இறங்கின. ஹைதோவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு அவள் இடுப்பு ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனை எடுத்தாள்.

"இவ்வளவுதானே? இதோ இப்பவே சொல்லிடுறோம். எல்லாரும் வரிசையா வாங்க!"

வேண்டாம் ஹைதோ, வேண்டாம் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? அன்று சாயங்காலத்துக்குள் ஊரே லாரிஸாவுக்குப் போன் போட்டு, ஹைதோ சொல்லிக்கொடுத்த ஒரே வாக்கியத்தை ஒப்பித்தது: "அசிமினா வந்தார், மிக நன்றாகக் கேட்டார், கடவுள் சத்தியம்." வீட்டில் போனே இல்லாத தபால்காரர்கூட ஹைதோவின் போனிலிருந்து பேசினார். குரலை மாற்றி இரண்டு முறை பேசினார் என்றும் கேள்வி. மறுநாள் போலிக்ஸெனி போனில் அசிமினாவிடம், "இப்ப சாட்சிக்கு வேற ஆள் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். கிழிந்தது போங்கள்.

வெள்ளிக்கிழமை வரை அவள் தூங்கவில்லை என்று ஸீஸிஸ் சொன்னான். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாளாம். நடுவில் நின்று, "நான் போனேன்ல? நிஜமாப் போனேன்ல?" என்று அவனையே கேட்டாளாம்.

வெள்ளிக்கிழமை போலிக்ஸெனி வந்து இறங்கியபோது காபிக்கடை மேசை மேல் கீரை அடையும் பாலாடைக்கட்டி அடையும் அடுக்கியிருந்தன. ஊர் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை உடையில். ஒருவர், அசிமினா தன் வீட்டில் மத்தியானம் முழுக்க இருந்ததாகச் சொன்னார். இன்னொருவர் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் வீட்டுக்கு அவள் போகவே இல்லை. போலிக்ஸெனி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஃபைலை மூடினார். பேனாவைப் பைக்குள் வைத்தார். அசிமினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போதுதான் ஆர்கிரிஸ் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். தலையெல்லாம் பஞ்சு.

"மேலேருந்து யாரோ வந்திருக்காங்களாமே! எங்க? நீயா? நீதான் பிரஸ்ஸல்ஸா?"

"நான் லாரிஸா" என்றார் போலிக்ஸெனி.

"ஏதோ ஒண்ணு. இவ எழுதுறது உன் கைக்குத்தானே வருது? இவளை இனிமே இந்த ஊர்ப்பக்கம் அனுப்பாதே. சொல்லிட்டேன்!"

போலிக்ஸெனி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவங்க இங்க வந்தாங்களா?"

"வந்தாளாவா! ஐயோ, இவ தொல்லை தாங்காமத்தானே நாயை விட்டேன்! கோட்டைப் பிச்சு எடுத்துச்சு, துண்டு இன்னும் கொட்டகையில கிடக்கு, வேணும்னா வந்து பாரு. எனக்கு முன்னாடி காபிக்கடை, அப்புறம் தபால்காரன், அப்புறம் அந்த விதவை, வீடு விட்டு வீடு. டிராக்டர் மேல நின்னு காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எவன் என்ன சொல்லிக் குடுக்கிறான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

போலிக்ஸெனி ஃபைலைத் திறந்து தாளைப் புரட்டினார். "மறுத்துவிட்டார். நாய்" என்கிற இடத்தில் விரலை வைத்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை அன்பானவர்களும் சேர்ந்து கவிழ்த்ததை ஒரு விரோதி நிமிர்த்திவிட்டான்.

"என்னை மன்னிச்சிடுங்க அசிமினா. நீங்க வந்திருக்கீங்க, கேட்டிருக்கீங்க. பேட்டியெல்லாம் நிஜம்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது."

கடையே கைதட்டியது. ஹைதோ அடையை வெட்ட ஆரம்பித்தாள். நான் ஸீஸிஸுக்குப் போன் செய்யலாம் என்று எழுந்தேன். அசிமினா பேனாவை எடுக்கவில்லை. ஹைதோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹைதோ. என் மேல இருக்கிற பாசத்துல அந்தப் போன்ல பொய் சொன்னே. சரி. என்கிட்ட என்ன சொன்னே?"

"உன்கிட்ட என்ன?"

"பாராளுமன்றத்தை நம்புறேன்னியே."

ஹைதோ கத்தியைக் கீழே வைத்தாள். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"வேற என்னடி சொல்லுவாங்க? மழையில நனைஞ்சுக்கிட்டு வர்றே. என் மாத்திரையை ஒரு தடவைகூட மறந்ததில்லை. அப்புறம் தாளை விரிச்சு, நம்புறியான்னு கேக்குறே. இல்லேன்னு சொன்னா உன் மூஞ்சி தொங்கிப் போகுது. அங்க யாராவது உன்னைத் திட்டிடுவாங்களோன்னு எங்களுக்கு வேற பயம். ஒருத்தி சமைச்சுப் போட்டு நல்லாருக்கான்னு கேட்டா, உப்பில்லைன்னா சொல்லுவோம்?"

"அப்ப நிஜமா?"

"நிஜமாவா?" ஹைதோ தரையில் துப்பினாள். "நாசமாப் போக, அத்தனை பேரும்."

தபால்காரர் தலையாட்டினார். அந்த விதவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அசிமினா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

போலிக்ஸெனி அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் பேசினார். "கையெழுத்தைப் போடுங்க அசிமினா. உங்க மேல தப்பில்லை. எனக்கு இதெல்லாம் காதுல விழலை."

"எனக்கு விழுந்திடுச்சே மேடம்."

"யோசிங்க. இது இல்லேன்னா வேற வேலை இல்லை."

"அந்தத் தாளையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. அதுல இருக்கிறது என் மூஞ்சி. வேற ஒண்ணும் இல்லை."

வண்டியில் போட்டுக்கொண்டு வரும்போது நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். பைத்தியக்காரி, வீட்டில் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து! அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், இறக்கினாள்.

குளிர்காலத்தில் அவளுக்குப் பதிலாக ஏதென்ஸிலிருந்து ஒரு இளைஞனை அனுப்பினார்கள். பெத்ரோமிலோ கருவிக்கொண்டு காத்திருந்தது. எங்கள் அசிமினாவை விரட்டிவிட்டு இவன் வருகிறானா? அவனுக்கு வாதுமைக் காயும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாராளுமன்றமா, நம்பவில்லை. ஆணையமா, நம்பவில்லை. அரசாங்கம், வங்கி, கோர்ட்டு எதையும் நம்பவில்லை. அவன் பட்டியலில் இல்லாத தீயணைப்புப் படையையும் நம்பவில்லை என்று எழுதச் சொன்னார்களாம். ஹைதோ இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அசிமினாவுக்காகப் பழிவாங்கிவிட்டார்களாம்!

வசந்தத்தில் ஒருநாள் நான் ஸீஸிஸ் வீட்டில் இருந்தபோது டிவியில் கோட்டுப் போட்ட மூன்று பேர் வட்ட மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சமவெளிக் கிராமங்களில் ஐரோப்பிய நிறுவனங்கள் மீதிருந்த நம்பிக்கை ஒரே ஆண்டில் சரிந்துவிட்டதாம். அசிமினா தூக்கிப் போடச் சொன்ன தாள்களை யாரும் தூக்கிப் போடவில்லை போலிருக்கிறது. ஒருவர் பருத்தி விலை என்றார். ஒருவர் ஏதோ உலகச் சந்தை என்றார். அசிமினா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"அது ஹைதோ! ஐயோ, அது ஹைதோ! அவ கோபத்தையா இவனுங்க அளந்துக்கிட்டிருக்கானுங்க?"

"கொஞ்சம் உக்காரேன்டி" என்றான் ஸீஸிஸ்.

"எங்கிட்ட ஆமாம்னாங்க, அந்தப் பையன்கிட்ட இல்லைன்னாங்க. ரெண்டும் எனக்காக. அப்ப அவங்க மனசுல என்னதான் இருக்கு? இத்தனை வருஷம் நான் என்னத்தைக் கேட்டேன்?" ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். சட்டென்று கோட்டை எடுத்தாள். "கும்பாரே, வண்டியை எடு."

ஹைதோவின் கடையைத் தாண்டி ஊர்க்கோடிக்குப் போகச் சொன்னாள். ஆர்கிரிஸ் கொட்டகை வாசலில் விதைப்பு எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மூர்கோஸ் குரைத்துக்கொண்டு வந்தது. நான் வண்டிக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டேன்.

"தாள் எங்கே?" என்றான் ஆர்கிரிஸ்.

"தாள் இல்லை. வேலை போயிடுச்சு."

அவன் எண்ணெய்க் குவளையை இறக்கினான். "நான் சொன்னதாலயா? அனுப்பாதேன்னு கத்தினேனே, அதாலயா?"

"நீ சொன்னதுலதான் வேலை தப்பிச்சுது. நானே விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குடி வந்தே?"

"கேக்க வந்தேன். யாருக்கும் அனுப்ப மாட்டேன், எனக்குத் தெரியணும். இந்த ஊர்ல என் மூஞ்சிக்காகப் பேசாதவன் நீ ஒருத்தன்தான். பாராளுமன்றத்தை நம்புறியா, நம்பலையா?"

நாயை ஏவுவான் என்று நினைத்தேன். அவன் அழுக்குத் துணியில் கையைத் துடைத்தான், விரல் விரலாக, ரொம்ப நேரம். துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவிக்கொண்டுதான் போனது.

"நாம ஐரோப்பாவுல சேர்ந்தப்ப என் அப்பா சதுக்கத்துல கைக்குட்டையை ஆட்டிக்கிட்டு ஆடினாரு. இனிமே நம்ம சொல்லைக் கேக்கிறதுக்கு ஒரு இடம் இருக்குடான்னாரு. நான் அதை நம்பினேன். இப்பவும் நம்புறேன். போதுமா? மானியத்தை வெட்டுனப்புறமும் நம்புறேன், வெட்கங்கெட்டவன்." அவன் குரல் உயர்ந்தது. "நம்பாதவன் நாயை விடுவானா? அவன் கதவைத் திறந்து, உக்காரவெச்சு, இனிப்பைக் குடுத்து, நீ கேக்கிறதுக்கெல்லாம் ஆமாம்னுட்டு அனுப்பிடுவான். நான் சொல்ற ஒரு வார்த்தை அங்க போய் எதையாவது ஆக்கிடும், கெடுத்திடும்னு பயந்துதானே வாயைத் திறக்காம இருந்தேன் இத்தனை வருஷம்! எழுதிக்கோ. நம்புறான்னு எழுதிக்கோ."

அசிமினாவின் கை தானாகப் பைக்குள் போனது. துழாவிக்கொண்டே இருந்தது. ஸீஸிஸின் மாத்திரை வந்தது, வீட்டுச் சாவி வந்தது. பென்சிலும் இல்லை, தாளும் இல்லை.

"எழுதிட்டியா?" என்றான் ஆர்கிரிஸ்.

அவள் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஆர்கிரிஸ் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நாயைக் கட்டிப்போடப் போனான்.